எல்லா நரம்பும் அனுப்புவது ஒரே துடிப்புதான்

கண்களை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணின் வெளி ஓரத்தில், அதாவது காதுப் பக்கமாக, இமையின் மேல் ஒரு விரல் நுனியை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். (கண்ணில் நோய் உள்ளவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) அழுத்தும் இடத்தில் எதுவும் தெரியாது. அதற்கு எதிரே, மூக்குப் பக்கமாக, மங்கலான ஒரு வட்டம் தெரியும். சிலருக்கு அது ஒளி வளையம் போல இருக்கும், சிலருக்கு வெளிர் ஓரம் கொண்ட கரும்புள்ளி போல இருக்கும்.

அங்கே வெளிச்சமே இல்லை. விரல் கொடுத்தது வெறும் அழுத்தம். ஆனாலும் நமக்குக் கிடைத்தது ஒளி. நரம்பு மண்டலத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கண் நரம்பை எது தூண்டினாலும் மூளை அதை ஒளி என்றே எடுத்துக்கொள்ளும். காது நரம்பை எது தூண்டினாலும் அது ஒலிதான். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஜெர்மனியின் உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் இதை ஒரு விதியாக எழுதி வைத்தார். நரம்புக்குள் ஓடும் சேதியில் ஒளி, ஒலி, வாசனை, வலி என்ற வேறுபாடு கிடையாது. எல்லாமே ஒரே மாதிரியான சின்னஞ்சிறு மின்துடிப்புகள். எந்த நரம்பு வழியாக வந்தது, நொடிக்கு எத்தனை வந்தது என்பதை வைத்துத்தான் மூளை இவ்வளவு பெரிய உலகத்தை நமக்குக் காட்டுகிறது.

வட்டம் எதிர்ப்பக்கம் தெரிந்ததற்கும் காரணம் இதுதான். கண்ணின் வில்லை காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் விழித்திரையில் விழச் செய்கிறது. மூக்குப் பக்கம் இருக்கும் பொருளின் ஒளி, விழித்திரையின் காதுப் பக்க ஓரத்தில் விழும். பிறந்ததிலிருந்து மூளைக்குப் பழக்கமான கணக்கு அது. அந்த ஓரத்தை விரலால் தூண்டினால், "மூக்குப் பக்கம் ஏதோ தெரிகிறது" என்று அதே கணக்கைப் போட்டுவிடுகிறது.

ஒரு துடிப்பு எப்படிப் பிறக்கிறது

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான் எனப்படும் நரம்பு செல். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பின்னந்தலைக்குள் இருக்கும் சிறுமூளையில்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு நியூரானுக்கும் ஓர் உடல், சேதி வாங்கும் கிளைகள், சேதி அனுப்பும் நீண்ட இழை ஒன்று உண்டு. அந்த நீண்ட இழைக்குப் பெயர் ஆக்ஸான். முதுகுத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கிக் கால் விரல் வரை போகும் ஆக்ஸானின் நீளம் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும். ஒரே ஒரு செல்லின் இழை அது. இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே உறைக்குள் கட்டி வைத்ததுதான் நரம்பு. மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் புறப்பட்டு உடல் முழுக்கப் பிரிந்து போகின்றன. புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிகிறதே, அது நரம்பு அல்ல. இரத்தம் ஓடும் சிரை.

நியூரான் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. தன் சவ்வுக்கு வெளியே சோடியத்தையும் உள்ளே பொட்டாசியத்தையும் அதிகமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதற்காகச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், மூன்று சோடியம் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் வேலையை ஓயாமல் செய்கிறது. இதனாலும், சவ்வின் வழியே பொட்டாசியம் மெல்லக் கசிவதாலும், செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவில் பெரும்பங்கு இந்த அயனிகளைத் திரும்பத் திரும்பப் பழைய இடத்தில் சேர்ப்பதற்குத்தான் போகிறது.

இப்போது ஒரு தூண்டுதல் வருகிறது. உட்புற மின்னழுத்தம் மைனஸ் 70-லிருந்து மைனஸ் 55-ஐ ஒட்டி ஏறினால் போதும், சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள் படபடவென்று திறந்துகொள்கின்றன. வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. கண நேரத்துக்கு உட்புறம் நேர்மின்னாக மாறுகிறது. உடனே அந்த வாயில்கள் மூடிக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறுகிறது. அழுத்தம் பழைய நிலைக்கு இறங்குகிறது. இவ்வளவும் நடந்து முடிய ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓரிடத்தில் உள்ளே பாய்ந்த சோடியம் பக்கத்து வாயில்களையும் திறக்க வைப்பதால், துடிப்பு இழை நெடுகப் போய்க்கொண்டே இருக்கிறது, வழியில் கொஞ்சமும் வலு இழப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். மனித நரம்பிழை கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது, அதற்குள் மின்முனையைச் செருக முடியாது. அவர்களுக்குக் கைகொடுத்தது கணவாய். கணவாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்ந்து தப்புவதற்கென்றே அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை வளரும் ராட்சத ஆக்ஸான் இருக்கிறது. அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, மின்னழுத்தம் ஏறி இறங்குவதை அளந்து, 1952-இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சோடியம் வாயிலை நீங்களும் நேரில் அனுபவித்திருக்கலாம். பல் பிடுங்கும் முன் ஈறில் ஒரு ஊசி போடுவார்களே, லிக்னோகெய்ன், அது அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. பல்லில் நடப்பதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் துடிப்பு கிளம்பவே முடியாது. மூளைக்குச் சேதி வராததால் வலி என்ற ஒன்றே இல்லை.

துடிப்பில் பெரியது சிறியது கிடையாது. கிளம்பினால் முழுசாகக் கிளம்பும், இல்லையென்றால் இல்லை. அப்படியானால் மெல்லிய தொடுதலையும் பலமான அடியையும் எப்படிப் பிரித்தறிகிறோம்? 1920-களில் எட்கர் ஏட்ரியன் இதற்கு விடை கண்டார். தூண்டுதல் பலமானால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது. லேசாகத் தொட்டால் நொடிக்குச் சில துடிப்புகள், அழுத்திப் பிடித்தால் நூற்றுக்கணக்கில். கூடவே, அதே தூண்டுதல் மாறாமல் நீடித்தால் துடிப்புகள் மெல்லக் குறைந்துவிடுவதையும் அவர் கவனித்தார். காலையில் போட்ட சட்டை உடம்பில் உரசுவது அடுத்த நிமிடமே நினைவில் இல்லாமல் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். நரம்புகளுக்கு மாற்றம்தான் செய்தி.

வேகம்: ஒரே அடி, இரண்டு வலி

கம்பியில் மின்சாரம் ஓடுவதைப் போலத்தான் நரம்பிலும் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் நரம்புத் துடிப்பு அதைவிட மிக மெதுவானது. 1850-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பில் அதை அளந்தபோது நொடிக்கு 30 மீட்டருக்கும் குறைவாகவே வந்தது. அளக்கவே முடியாத வேகம் என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள்.

நம் உடலில் எல்லா இழையும் ஒரே வேகம் அல்ல. சில இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றப்பட்டிருக்கும். அவற்றில் துடிப்பு ஒவ்வோர் இடைவெளிக்கும் தாவித் தாவிப் போகும். தடித்த, நன்றாக உறையிட்ட இழைகளில் வேகம் நொடிக்கு 120 மீட்டர் வரை எட்டும். உறையில்லாத மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர், நாம் நிதானமாக நடக்கும் வேகம்.

கால் பெருவிரல் கதவு நிலையில் இடித்துக்கொண்ட நேரத்தை நினைத்துப் பாருங்கள். இடித்த உடனே, தொட்ட உணர்வு முதலில். கூடவே சுரீர் என்று ஒரு வலி, எந்த இடம் என்று துல்லியமாகக் காட்டும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. "இன்னும் வரப்போகிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம். ஒரு நொடி கழித்து விண்விண் என்று தெறிக்கும் இரண்டாவது வலி பரவலாக வந்து சேரும், சீக்கிரம் போகாது. முதல் வலி மெல்லிய உறையிட்ட இழைகளில் வந்தது. இரண்டாவது, உறையே இல்லாத இழைகளில், அதே விரலிலிருந்து அதே கணத்தில் புறப்பட்டுப் பின்னால் நடந்து வந்தது. ஒரே அடியை இரண்டு வகை இழைகள் தனித்தனியாகச் சொல்லியிருக்கின்றன.

இடித்த இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோமே, அது வெறும் பழக்கம் அல்ல. தேய்க்கும்போது தொடு உணர்வின் வேகமான இழைகள் தண்டுவடத்துக்கு ஏராளமான துடிப்புகளை அனுப்புகின்றன. அங்கே அவை வலிச் சேதி மேலே போவதை ஓரளவு தடுக்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். அதன் விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும், வலி மூளைக்குப் போகும் வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

மயலின் உறை எவ்வளவு முக்கியம் என்பது அது சிதையும்போது தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் மயலினைத் தாக்குகிறது. துடிப்பு தடுமாறுகிறது அல்லது நின்றுவிடுகிறது. பார்வை மங்குவது, கால் தள்ளாடுவது, மரத்துப்போவது என்று, எந்த இடத்தின் உறை போனதோ அதற்கேற்ப அறிகுறிகள் வரும்.

இடைவெளியைத் தாண்டுவது

ஒரு நியூரானின் நுனிக்கும் அடுத்த நியூரானுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. சினாப்ஸ் எனப்படும் இந்தச் சந்திப்பில் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். மின்துடிப்பு அதை எப்படித் தாண்டுகிறது என்பது நெடுநாள் வாதமாக இருந்தது. ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஆட்டோ லோவி இதற்கு ஒரு சோதனையைத் தூக்கத்தில் கண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் இரவு எழுந்து கிறுக்கி வைத்தது மறுநாள் படிக்க முடியவில்லையாம். அடுத்த இரவும் அதே யோசனை வர, எழுந்து நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றுக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பு இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1921-இல் முடிவு வெளியானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு தரப்பட்டது.

சினாப்ஸில் வந்து சேரும் வேதிப்பொருள்கள் எல்லாம் "கிளம்பு" என்று மட்டும் சொல்வதில்லை. "வேண்டாம்" என்று சொல்பவையும் உண்டு. ஒரு நியூரான் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்களிலிருந்து இரண்டு வகையையும் வாங்கி, கூட்டிக் கழித்து, எல்லை தாண்டினால் மட்டும் துடிப்பை அனுப்புகிறது. நினைவு, பழக்கம், கற்றல் எல்லாமே இந்தச் சந்திப்புகள் பலப்படுவதையும் பலவீனப்படுவதையும் சார்ந்தவை.

சில முடிவுகளுக்கு மூளை வரை போகவே நேரமில்லை. சூடான பாத்திரத்தில் கை பட்டதும் கை தானாக விலகுகிறது. அந்த உத்தரவு தண்டுவடத்திலிருந்தே வந்துவிடுகிறது. கையை மடக்கும் தசைக்குக் "கிளம்பு", நீட்டும் தசைக்கு "வேண்டாம்", இரண்டும் ஒரே நேரத்தில். சுட்டுவிட்டது என்று மூளை அறிவது கை விலகிய பிறகுதான். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பது இதிலும் எளிய அனிச்சைச் செயல். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே ஒரே ஒரு சினாப்ஸ்தான்.

இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை, கண்மணி விரிவது போன்றவற்றைத் தானியங்கு நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. ஆபத்து என்றால் ஒரு பிரிவு உடலை முடுக்கிவிடும், ஓய்வு என்றால் இன்னொரு பிரிவு தணிக்கும். நாம் நினைத்து நடப்பது அதில் மிகக் கொஞ்சம்.

முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் ஏன்?

முழங்கையின் உட்பக்க எலும்பு எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தது போல ஓர் அதிர்ச்சி வரும். அது முழங்கையில் நிற்காது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் ஓடும். விரலில் எதுவுமே படவில்லையே? காரணம், அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே பெரிதாகப் பாதுகாப்பு ஏதுமின்றி அல்னார் நரம்பு போகிறது. சுண்டுவிரலின் உணர்வைச் சுமந்து வரும் நரம்பு அது. அதை நடுவழியில் இடித்தாலும் துடிப்பு கிளம்பிவிடும்.

பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஓர் அழைப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் செவிலியர் மேசையில் அந்தப் படுக்கை எண்ணுக்கான விளக்கு எரியும். இடையில் யாரோ அந்தக் கம்பியைத் தொட்டு இணைத்துவிட்டாலும் அதே எண்தான் எரியும். செவிலியர் அந்தப் படுக்கைக்குத்தான் ஓடுவார். மூளையும் அப்படித்தான். துடிப்பு எங்கே கிளம்பியது என்று அதற்குத் தெரியாது. எந்த இழை வழியாக வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொள்வது உயிர் காக்கும் இடமும் உண்டு. இதயத்திலிருந்து வரும் வலிச் சேதியும் இடது கை, தாடை, கழுத்து ஆகியவற்றிலிருந்து வரும் சேதியும் தண்டுவடத்திலும் மூளைத் தண்டிலும் பொதுவான நியூரான்களில் சேர்கின்றன. கையிலிருந்து சேதி வருவது அன்றாடம், இதயத்திலிருந்து வருவது அபூர்வம். அதனால் மாரடைப்பின் வலியை மூளை கையிலோ தாடையிலோ வைத்துவிடுகிறது. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு கையோ தாடையோ வலித்தால், தசைப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கால் துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத பாதத்தில் அரிப்பும் வலியும் உணர்பவர்கள் உண்டு. பாதம் போய்விட்டது, ஆனால் மூளையில் பாதத்துக்கென்று இருக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. அந்த வலி கற்பனை அல்ல. மற்ற எந்த வலியையும் போல அதுவும் மூளையில்தான் உணரப்படுகிறது, அதனால் அவ்வளவு நிஜம்.

கண்ணும் காதும்

விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று ஏறத்தாழ 12 கோடி கோல் செல்களும், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. கண்ணிலிருந்து வெளியேறும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். ஆக, அத்தனையும் அப்படியே மூளைக்குப் போவதில்லை. ஓரங்கள், மாற்றங்கள், அசைவுகள் என்று விழித்திரையே சுருக்கி அனுப்புகிறது.

அந்த 10 லட்சம் இழைகளும் ஒன்று சேர்ந்து வெளியேறும் இடத்தில் பார்வைச் செல்லே கிடையாது. பார்த்துவிடலாம். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் போடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். தாளை 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் புள்ளி காணாமல் போய்விடும். இன்னும் அருகே வந்தால் திரும்பத் தோன்றும். 1660-களில் பிரான்சின் எட்மே மாரியோத் கண்டறிந்த குருட்டுப் புள்ளி இது.

ஆனால் எனக்கு வியப்பு, புள்ளி மறைவதில் இல்லை. மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரிவதில்லையே, அதில்தான். வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. புள்ளியின் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டுப் பார்த்தால், புள்ளி மறைந்து கோடு மட்டும் முறியாமல் ஓடும். சேதி வராத இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. இன்னொன்றும் செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். கண் தாவும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்துக் கலங்கலை மூளை அடக்கிவிடுகிறது.

காதில் நடப்பது முழுக்க முழுக்க இயந்திர வேலை. ஒலி செவிப்பறையை அதிரவைக்க, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அதை உள்ளே கடத்துகின்றன. அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான், உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அது நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் இருக்கும் திரவத்தைத் தள்ளுகிறது. காக்ளியாவின் உள்சவ்வு வாயிலருகே விறைப்பாகவும் உச்சியில் தளர்வாகவும் இருப்பதால், கீச்சொலி வாயிலருகேயும் கனத்த ஒலி உச்சியிலும் அதிர்வை எழுப்புகின்றன. எந்த இடத்து மயிர்ச் செல் (அதிர்வை உணரும் செல்) அசைந்தது, எந்த இழை துடித்தது, சுருதி அதிலிருந்து தெரிகிறது. இங்கேயும் வழிதான் அர்த்தம்.

ஒரு காதில் மயிர்ச் செல்கள் 15,000 அளவில்தான். கண்ணின் கோடிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கொஞ்சம் பாருங்கள். மனிதரில் இவை போனால் திரும்ப வளர்வதில்லை. காதுக்குள் ஒலிப்பானைச் செருகி முழுச் சத்தத்தில் மணிக்கணக்கில் கேட்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

மயிர்ச் செல்கள் போனாலும் நரம்பு மிஞ்சியிருந்தால் வழி உண்டு. 1957-இல் பாரிசில் ஆந்த்ரே ஜூர்னோ, ஷார்ல் எய்ரியஸ் இருவரும் காது கேளாத ஒருவரின் கேள் நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினார்கள். அவர் ஒலி கேட்பதாகச் சொன்னார். காக்ளியாவுக்குள் பொருத்தும் இன்றைய காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி அதன் வளர்ச்சி. 12 முதல் 22 மின்முனைகளைக் கொண்டு மயிர்ச் செல்களின் வேலையைச் செய்யப் பார்க்கிறது. முதலில் வெறும் சத்தமாகக் கேட்பது, மாதங்கள் போகப் போக மூளை பழகிப் பேச்சாகப் புரிய ஆரம்பிக்கிறது.

அதே உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை அளக்கின்றன. கரகரவென்று சுற்றிவிட்டு நின்றால் அதில் உள்ள திரவம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதனால்தான் தரை சுற்றுகிறது.

மூக்கு, நாக்கு, தோல்

மூக்கில் ஏறத்தாழ 400 வகை மணமுணர் புரதங்கள். ஒவ்வொரு வாசனையும் அவற்றில் ஒரு கூட்டத்தைத் தூண்டும், எந்தக் கூட்டம் என்பதே அந்த வாசனை. இந்தப் புரதங்களின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004-இல் நோபல் கிடைத்தது. நாக்கில் ஐந்து சுவைகள்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, காளான் போன்றவற்றில் இருக்கும் சுவை). நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பாடப் புத்தகங்களில் வந்த நாக்கு வரைபடம் தவறு. சுவையரும்பு இருக்கும் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

காரம் அந்த ஐந்தில் இல்லை. அது ஒருவகை வலி, சூட்டின் வலி. உடலில் 43 டிகிரி செல்சியஸ் தாண்டினால் திறக்கும் ஒரு வாயில் புரதம் உண்டு. மிளகாயின் காப்சைசின் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு வருவது "சுடுகிறது" என்னும் அதே இழையின் அதே துடிப்பு, அதனால்தான் வியர்க்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. புதினாவின் மென்தால் இதேபோல் குளிர் வாயிலைத் திறக்கிறது. அழுத்தத்தை உணரும் புரதங்களை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனும் ஜூலியஸும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டே மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அதற்கும் அந்தப் புரதங்களில் ஒன்று தேவை. கை கால்கள் எங்கே இருக்கின்றன என்று தசைகளுக்குள் இருந்து வரும் இந்தச் சேதியை ஐம்புலன் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். ஆனால் இது இல்லாமல் நிற்கக்கூட முடியாது.

தொடு உணர்வு உடல் முழுக்க ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. ஒரு கம்பியை வளைத்து இரு முனைகளையும் அருகருகே வைத்து, கண் மூடிய ஒருவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே "இரண்டு" என்பார். முதுகில் நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் "ஒன்று" என்று சொல்லக்கூடும். மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மின்முனையால் தொட்டு (மூளைத் திசுவுக்கு வலி தெரியாது) எந்த இடம் உடலின் எந்தப் பகுதிக்கு உரியது என்று 1930-களில் வரைந்தார். உதடும் கைவிரலும் பெரும் பரப்பை எடுத்துக்கொண்டன, முதுகுக்குக் கிடைத்தது ஒரு சிறு துண்டு.

அறுந்த நரம்பு

மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழைகள் அநேகமாக மீண்டும் வளர்வதில்லை. கை கால் நரம்புகள் வளரும், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்கையில் வெட்டுப்பட்டால் விரல் நுனி வரை சேர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அதுவரை அந்த விரல் சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாது. நீரிழிவால் பாத நரம்புகள் கெட்டவர்களுக்கும் இதே நிலைதான். வலி சொல்லாது என்பதால், பாதத்தைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இழை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று அறிய மருத்துவர் நரம்பின் பாதையில் தோல்மேல் விரலால் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் நோயாளிக்குச் செத்துக் கிடந்த விரலில் எறும்பு ஊறுவது போல இருக்கும். வளரும் நுனி அங்கே இருக்கிறது என்று பொருள். ஷூல் டினேல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-இல் விவரித்த சோதனை இது.

வளர்ந்து சேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கும். வளரும் இழைகளில் சில வழி தவறி வேறு உறைக்குள் போய்விடும். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டது போல இருக்கும். இழையைத் திரும்பப் பிரித்துக் கட்ட முடியாது. அதனால் பயிற்சியாளர்கள் மூளையிடம் வேலை வாங்குகிறார்கள். தொடும் இடத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்லித் தொடுவார்கள், பிறகு கண்ணை மூடச் சொல்லி அதே இடத்தைத் தொடுவார்கள், மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இப்படியே தினமும், மாதக்கணக்கில். அதே இழை, அதே துடிப்புதான் போகிறது. ஆனால் இந்த இழை வழியாக வந்தால் அது ஆள்காட்டி விரல் என்று மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் கணக்குக்கு மாறிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு இது சீக்கிரம் வரும். பெரியவர்களுக்கு நாளாகும், பலருக்குப் பாதிதான் வரும், ஆனாலும் வருகிறது.